நம்ம வீட்டு ஆளுங்க 🏡 குரூப்: பனீர் கேட்டா சிக்கன்

சுந்தரி பெரியம்மா: யாராச்சும் முழிச்சிருக்கீங்களா, எனக்கு மனசே ஆறல

அம்மா: என்னக்கா ஆச்சு, விரதம் விட்டியா இல்லியா

சுந்தரி பெரியம்மா: அதெல்லாம் மத்தியானமே விட்டாச்சு. சாயந்தரம் இனியன் பொம்மை குடுக்கற பர்கர் கடைக்குப் போலாம்னு ஒரே அழுகை, சரின்னு மாலுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க ஆளுகிட்டக் கேக்கறதே இல்ல, ஆளு ஒசரத்துக்கு ஒரு டிவி நிக்குது அதைத் தொட்டுத் தொட்டு ஆர்டர் போடோணும், என் வெரலுக்கு அது மசியவே இல்ல, கடைசீல இனியன்தான் போட்டான் ரெண்டு பனீர் பர்கர், ஒரு ஃப்ரைஸ், ஒரு தண்ணி. அரை மணி நேரம் நின்னோம், எங்களுக்குப் பின்னாடி வந்த டெலிவரி பசங்க பையை வாங்கிட்டுப் போய்ட்டே இருக்காங்க எங்க நம்பர் வரவே இல்ல. வந்ததும் பசியில ஒரு வாய் கடிச்சேன், சிக்கன்

ப்ரியா: அய்யோ பெரியம்மா 😳 புரட்டாசி சனிக்கிழமையா

மோகன் மாமா: எந்தக் கடை சொல்லுக்கா, நாளைக்குப் போயி உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்

சுந்தரி பெரியம்மா: கேளு முழுசா. கவுண்டர்ல ஒரு சின்னப் பையன், சாரிங்கம்மா சாரிங்கம்மான்னு தண்ணி கொண்டாந்து குடுத்தான், கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு அவனுக்கு. அந்த மேனேஜருதான், நீங்க ஸ்கிரீன்ல தப்பா அமுத்திருப்பீங்க மேடம்ங்கறான். அப்பறம் அத்தன பேரு முன்னாடி அந்தப் பையனைப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கறான். காசு அஞ்சு நாள்ல வரும்னு சொல்லிட்டு உள்ள போய்ட்டான்

கார்த்தி: அத்தை பில்லு இருக்கா? பர்கர் சுத்தி வந்த பேப்பரை எறிஞ்சுட்டீங்களா

சுந்தரி பெரியம்மா: பையிலதான் இருக்குது, இரு
📷 படம்
📷 படம்

கார்த்தி: பாருங்க பில்லுல பனீர்னுதான் இருக்கு, இனியன் கரெக்டாத்தான் போட்டிருக்கான். பேப்பர்லயும் சதுரத்துக்குள்ள பச்சை வட்டம். நான்வெஜ்ஜுன்னா பழுப்பு முக்கோணம் இருக்கணும். அப்ப உள்ள கட்டுனவங்க தப்பு, கவுண்டர் பையனுக்குச் சம்பந்தமே இல்ல

அம்மா: அதுவும் வட்டந்தானே இருக்கும்?

கார்த்தி: முன்னாடி அப்படித்தான் இருந்துச்சு அத்தை. கலர் பிரிச்சுப் பாக்கத் தெரியாதவங்க கஷ்டப்படறாங்கன்னு முக்கோணமா மாத்திட்டாங்க

கார்த்தி: நான் காலேஜ் படிக்கறப்ப இந்த மாதிரி ஒரு கடையில நின்னேன்ல, கவுண்டர்ல இருக்கறவன் பர்கரைப் பிரிச்சுப் பாக்கவே மாட்டான், சுத்தி வர்றதத் தட்டுல வெச்சு நம்பர் கூப்புடறதுதான் வேலை. உள்ள ஒரு ஸ்கிரீன்ல ஆர்டரெல்லாம் வரிசையா ஓடும், லேட்டானா செவப்பாயிரும், செவப்பு ஜாஸ்தியானா மேனேஜருக்கு மேல இருந்து டோஸு விழும், அவன் அதை அப்படியே கீழ எறக்குவான். வெஜ்ஜுக்குத் தனி மேடை, தனி கரண்டி, பச்சை ஏப்ரன்னு எல்லாமே இருக்கும்ங்க அத்தை, ஆனா சனிக்கிழமை சாயந்தரம் ரெண்டு பேரு லீவு போட்டுட்டா ஒருத்தனே ரெண்டு பக்கமும் ஓடுவான். நானே ஓடியிருக்கேன்

மோகன் மாமா: நீ எத்தன பேருக்குச் சிக்கனை மாத்திக் குடுத்த 😂

கார்த்தி: அப்பா சும்மா இருங்க

மோகன் மாமா: அக்கா அந்தத் தண்ணி பாட்டில் எவ்வளவு போட்டிருக்கான் பாரு, 60 ரூபா! எம்ஆர்பிக்கு மேல வாங்குனா கேஸு, விடாத

ப்ரியா: மாமா அது நிக்காது. உக்காந்து சாப்பிடற ஓட்டல்ல எம்ஆர்பிக்கு மேல வாங்கலாம்னு சுப்ரீம் கோர்ட்டே 2017ல சொல்லிருச்சு, எனக்குப் போன செமஸ்டர்ல பாடம்

மோகன் மாமா: என்ன பாடமோ. அப்ப சர்வீஸ் சார்ஜ்?

ப்ரியா: அது பில்லுல இல்லவே இல்ல, 5 பர்சென்ட் ஜிஎஸ்டி மட்டுந்தான். ஆனா கீழ டொனேஷன்னு 5 ரூபா இருக்கு, பெரியம்மா நீங்க குடுத்தீங்களா?

சுந்தரி பெரியம்மா: யாருக்குக் குடுத்தேன்? என்னைய யாரும் கேக்கவே இல்லியே

ப்ரியா: அதான், ஸ்கிரீன்ல அவங்களே டிக் போட்டு வெச்சிருப்பாங்க, நாமதான் பாத்து எடுக்கோணும்

அம்மாயி: 🎤 0:34

அம்மா: ஆபீஸ்ல இருக்கறவங்களுக்குச் சொல்றேன், அம்மா என்ன சொல்றாங்கன்னா தெரியாமக் கடிச்சதுக்கு ரங்கநாதர் கோவிச்சுக்க மாட்டாராம், வர்ற சனிக்கிழமை காரமடைக்குப் போயிட்டு வந்துரலாமாம், வீட்ல தோசை மாவு இருக்கறப்ப அங்க எதுக்குப் போனீங்கங்கறாங்க

ப்ரியா: ராத்திரி பத்து மணிக்கு யாரும்மா ஆபீஸ்ல இருக்கா 😂

மோகன் மாமா: சரி கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915க்கு நான் போன் போடறேன். அந்தப் பையன் பேரு என்ன, சட்டையில பேட்ஜ் குத்தியிருப்பானே

சுந்தரி பெரியம்மா: பேரெல்லாம் சொல்ல மாட்டேன். கம்ப்ளைன்ட்டே வேண்டாம் விடு, அவன் வேலையத் தூக்கிருவாங்க

கார்த்தி: இல்லைங்க அத்தை, குடுங்க. ஆனா பையனைப் பத்தி எழுதாதீங்க. எந்த மால், எத்தன மணி, பில் நம்பர், ரெண்டு போட்டோ, பச்சை வட்டம் போட்ட பேப்பர்ல சிக்கன் இருந்துச்சு, கேட்டதுக்கு மேனேஜர் உங்க தப்புன்னு சொன்னாரு, அவ்வளவுதான். எழுதலைன்னாத்தான் அந்த மேனேஜர் மொத்தத்தையும் அவன் தலையில கட்டிருவான்

ப்ரியா: 1915ல தமிழ்லயே பேசலாம் பெரியம்மா. மொதல்ல கம்பெனிகிட்டத்தான் பதில் கேப்பாங்க. சரியா வரலைன்னா கன்ஸ்யூமர் கமிஷன், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸே இல்ல

மோகன் மாமா: அஞ்சு லட்சம் கேப்போமா

அம்மா: டேய் மோகா

சுந்தரி பெரியம்மா: சரி கார்த்தி நீயே எழுதிக் குடு கண்ணு. அந்தப் பையன் தண்ணி குடுத்தான், மரியாதையாப் பேசுனான்னு அதையும் ஒரு வரி சேத்திரு

கார்த்தி: சரிங்க அத்தை

சுந்தரி பெரியம்மா: இங்க இன்னொரு பஞ்சாயத்து. பொம்மையை டேபிள்லயே வெச்சுட்டு வந்துட்டோமாம், நாளைக்கே போகோணும்ங்கறான் இனியன் 🤦‍♀️

மோகன் மாமா: நான் கூட்டிட்டுப் போறேன்

அம்மா: நீ போகாத, புரட்டாசி முடியட்டும்