பழைய டொமைன், பழைய விலாசம்: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

மாங்கூழ்க்காரன், கிருஷ்ணகிரி:
போன ஜூன். தோத்தாபுரி லாரி எடைமேடையில் நிற்கிறது. துபாய் பார்ட்டி போன் போட்டு, "உங்க சைட்டைத் திறந்தா வேற ஏதோ வருது, கம்பெனி நடக்குதா இல்லையா?" என்கிறார். இன்னும் காதிலேயே இருக்கிறது.

எங்கள் டாட் காம் டொமைன், அதாவது சைட்டின் பெயர், அப்பா காலத்தில், 2002-ல் வாங்கியது. உரிமையாளர் விவரப் பதிவில் 'கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டம்' என்றே கிடந்தது. மாவட்டம் பிரிந்தது 2004 பிப்ரவரியில். அதற்கப்புறம் இத்தனை வருஷம் யாரும் கேட்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை 'விவரம் சரியா பாருங்கள்' என்று மெயில் வரும் இல்லையா, அது போன முகவரி டயல்-அப் காலத்தது, செத்து ரொம்ப நாள். புதுப்பிக்கும்போது கண்ணில் பட்டதே என்று மாவட்டத்தைத் திருத்தினேன், மெயிலையும் மாற்றினேன். எதற்கு மாற்றினேன்? அதே டொமைனில் ஓடும் ஆபீஸ் மெயிலுக்கு. அங்கேதான் புத்தி போயிற்று.

டொமைனை விற்ற கம்பெனி, அதுதான் ரிஜிஸ்ட்ரார், புது மெயிலை உறுதிசெய்யச் சொல்லி லிங்க் அனுப்பியிருக்கிறது. ஆபீஸ் பையன் மோசடி என்று அழித்துவிட்டான். (திட்டவும் வாய் வரவில்லை. தெரியாத லிங்க்கைத் தொடாதே என்று சொல்லிக்கொடுத்ததே நான்.) பதினைந்து நாள் கழிந்ததும் டொமைன் நிறுத்தம். 'மறுபடி அனுப்பு' என்று அழுத்தினால், அதுவும் நின்றுபோன டொமைனின் மெயிலுக்கே போகிறது! சாவியை உள்ளே வைத்துப் பூட்டின வீடு. சீசனில் மூன்று நாள் போச்சு.

கிரானைட், பர்கூர்:
இதற்குத்தான் தொடாதே என்கிறேன். எங்களுடையது 2001. பதிவில் இருக்கும் லேண்ட்லைன் நம்பருக்கு முன்னால், பின்னாளில் எல்லோருக்கும் சேர்த்த அந்த 2 கூடக் கிடையாது. ஒரு நாயும் கேட்கவில்லை. மெயிலையோ போனையோ சோதிக்கும் விதி, உலக அளவில் டொமைன்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு ரிஜிஸ்ட்ரார்களோடு போட்ட 2013 ஒப்பந்தத்தில் வந்தது. அதற்கு முன்னால் வாங்கியதை நாமாகக் கை வைக்கிறவரை சோதிக்க வேண்டியதில்லை. பணம் கட்டு, பேசாமல் இரு.

பிரவுசிங் சென்டர் (மாஜி), தர்மபுரி:
பர்கூர் அண்ணா சொல்வது பாதிதான். விலக்கு சோதனைக்கு, பொய் விவரம் வைத்துக்கொள்ள இல்லை. எவனாவது ஒருத்தன் 'இந்த விலாசம் தப்பு' என்று புகார் போட்டால் பழைய பதிவும் சோதனைக்கு வந்துவிடும். ரிஜிஸ்ட்ரார் கேட்டு பதினைந்து நாளுக்கு மேல் பதில் சொல்லாவிட்டால் நிறுத்தலாம், ரத்தே செய்யலாம்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தக் காலத்தில் வாடிக்கையாளர் டொமைன் எல்லாவற்றையும் என் பெயர், என் கடை விலாசத்திலேயே பதிவு செய்தவன் நான். அப்போது எல்லோரும் செய்ததுதான். அதில் ஒன்று ஒரு துணிக்கடை. அண்ணன் தம்பி பிரிந்தார்கள், தம்பி புகார் போட்டுவிட்டார். 'இந்த விலாசத்தில் இருப்பது நீங்கள்தானா?' என்று எனக்கு மெயில். அதைப் படித்தபோது நான் நின்றிருந்தது அதே விலாசத்தில்தான். இப்போது அது டீக்கடை. என் மூன்றாம் நம்பர் கேபின் இருந்த இடத்தில் போண்டா வெந்துகொண்டிருந்தது. என்ன பதில் எழுதுவது, சொல்லுங்கள்.

ஓசூர் ஐடி தம்பி:
என் கதை சின்னது: மாமாவின் டொமைனை என் பெயருக்கு மாற்றினேன், அறுபது நாள் வேறு ரிஜிஸ்ட்ராருக்குப் போக முடியாமல் பூட்டிவிட்டார்கள். அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதியவர்கள் எல்லோரும் சில விஷயங்களைக் கவனியுங்கள். வெளியே தேடிப் பார்த்து 'உரிமையாளர் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறது, அப்போ பிரச்சினை இல்லை' என்று நினைக்காதீர்கள். ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்த 2018 மே மாதத்திலிருந்து தனிநபர் விவரத்தை மறைக்கிறார்கள். உள்ளே பழையது அப்படியே இருக்கும். கணக்கில் நுழைந்துதான் பார்க்க வேண்டும். டொமைன் யாருடையது என்று பார்க்கும் பழைய ஹூயிஸ் தேடலும் கட்டாயமில்லை என்று ஆகிவிட்டது, 2025 ஜனவரியிலிருந்து அதற்குப் பதிலாக வந்த ஆர்டாப் (RDAP) தேடல்தான். நிறுவனம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். புது விதிப்படி அதில் பெயர் இருந்தால் டொமைன் அந்த நிறுவனத்துடையதாகவே கொள்ளப்படும். பிரவுசிங் சென்டர் பெயர் அதில் இருந்தால் என்ன ஆகும்? மாங்கூழ் அண்ணா, தொடர்பு மெயில் எப்போதும் வெளி மெயிலாக இருக்கட்டும், ஜிமெயில் மாதிரி. முதலில் மெயிலை மாற்றி லிங்க்கை அழுத்துங்கள், அது முடிந்தபின் விலாசத்துக்குப் போங்கள். இன்னொன்று, இதெல்லாம் டாட் காம், டாட் நெட் கதை. டாட் இன் வைத்திருப்பவர்களுக்கு, அதை நடத்தும் இந்திய அமைப்பான நிக்ஸி வைத்ததே சட்டம், அங்கே ஐகான் ஒப்பந்தத்தைக் காட்டி வாதாட முடியாது.

கிரானைட், பர்கூர்:
தம்பி, யாரும் கேட்கலையே.

மாங்கூழ்க்காரன், கிருஷ்ணகிரி:
இருக்கட்டும் அண்ணா, பிரயோஜனம்தான். நான் மீண்டதும் அப்படித்தான்: கணக்கில் மெயிலை என் ஜிமெயிலுக்கு மாற்றினேன், லிங்க் வந்தது, அழுத்தினேன், சாயங்காலம் சைட் எழுந்தது. துபாய் பார்ட்டிக்கு நானே போன் செய்து சொன்னேன். அவர் அதற்குள் சித்தூரில் விலை கேட்டுவிட்டாராம்.

ஒரு சந்தேகம் மட்டும். போன் கட்டத்தில் இன்னும் அப்பாவுடைய 04343 நம்பர். அந்த லைனை ஒப்படைத்தே பல வருஷம். மாற்றினால் மறுபடி லிங்க் வருமா?

ஓசூர் ஐடி தம்பி:
வரலாம். இந்த முறை பையனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.