2003 தேர்க் கசற்: 52 ஜிபி உங்கட கைக்கு எப்படி வரப்போகுது

வணக்கம் உறவுகளே,

லண்டன் மாமாவின்ர அலுமாரிக்குள்ள கிடந்த நாலு மினிடிவி கசற்றையும் போன கிழமை கணினியில ஏத்தி முடிச்சாச்சு. (டிவி எண்டதும் தொலைக்காட்சி எண்டு நினைக்காதேங்கோ, அந்தக் கால டிஜிட்டல் கமராவின்ர கசற் வகை அது.) யாழ்ப்பாணத்துக்குப் போற ஏ9 பாதை திறந்ததுக்கு அடுத்த வருசம், 2003 ஓகஸ்டில, மாமா ஊருக்குப் போய் எடுத்தது. தேர், அடுத்த நாள் தீர்த்தம், பிறகு ஒழுங்கை ஒழுங்கையா நடந்து ஒவ்வொரு படலையிலயும் நிண்டு கதைச்சது. அதில கதைக்கிற பெரியாக்களில பாதிப்பேர் இப்ப இல்லை.

எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான்: "தம்பி, வட்ஸ்அப்பில போட்டுவிடன்."

போடேலாது. ஒரு மணித்தியாலக் கசற் ஒண்டு 13 ஜிபி. வட்ஸ்அப்பில வீடியோவா அனுப்பினால் அது தானாச் சுருக்கிப்போடும், முகங்கள் பாசி பிடிச்ச மாதிரித் தெரியும். ஆவணமா அனுப்பினால் சுருங்காது, ஆனால் ஒரு கோப்பு 2 ஜிபிக்கு மேல போகக்கூடாது. காசு கட்டாத டெலிகிராமிலயும் அதே 2 ஜிபிதான். ஜிமெயில் இணைப்பு 25 எம்பியோட நிண்டுபோகும். கூகுள் டிரைவ் இலவசமாத் தாற 15 ஜிபியில உங்கட மெயிலும் படங்களும் ஏற்கனவே குடியிருக்கு. 7-ஸிப் எண்ட மென்பொருளால வெட்டி 27 துண்டா அனுப்பலாம்தான். ஒரு துண்டு தவறினாலும் கோப்பு விரியாது. பிறகு பாரிஸ் அக்காவுக்கு 19ஆம் துண்டைத் தேடிக் குடுக்கிறது நான்தான்.

"சின்னதாக்கினால் என்ன?" எண்டும் கேட்டீங்கள். பாக்கிறதுக்குச் சின்னதாக்கித்தான் தரப்போறன். ஆனால் மூலத்தை வச்சிருக்க வேண்டிய காரணம் ஒண்டு இருக்கு. இந்தக் கசற்றில ஒவ்வொரு காட்சியும் எடுத்த திகதியும் நேரமும் படத்துக்குப் பின்னால பதிஞ்சு இருக்கு. எம்பி4 எண்ட வழமையான வீடியோக் கோப்பா மாத்தினால் அது பெரும்பாலும் போயிடும். தேர் வெளிக்கிடேக்க கமரா 2:10 எண்டு காட்டுது. விடியப்புறம் தேரோ எண்டு குழம்பிப்போனன். பிறகுதான் விளங்கிச்சு, மாமா மணிக்கூட்டை லண்டன் கோடை நேரத்திலயே விட்டிருக்கிறார். 2006 வரைக்கும் இலங்கை நேரம் இப்ப மாதிரி ஐந்தரை இல்லை, கிரீன்விச்சுக்கு ஆறு மணித்தியாலம் முன்னால. ஆக வித்தியாசம் 5 மணித்தியாலம், தேர் அசைஞ்சது காலமை 7:10க்கு. ஐயர் நேரத்துக்கு வந்திருக்கிறார் எண்டதுக்கு இதுதான் சாட்சி.

சரி, அனுப்புற வழி. நான் தெரிவு செய்தது சுவிஸ்ட்ரான்ஸ்ஃபர். சுவிற்சர்லாந்து நிறுவனம் ஒண்டு நடத்துற தளம். கணக்குத் திறக்கத் தேவையில்லை, காசும் இல்லை, ஒரு தடவைக்கு 50 ஜிபி வரை ஏத்தலாம், 30 நாள் வரை வச்சிருக்கும், கடவுச்சொல்லும் போடலாம். எங்களிட்ட இருக்கிறது 52. ரெண்டு ஜிபியால தவறிப்போச்சு! அதால ரெண்டு ரெண்டு கசற்றா, ரெண்டு லிங்க்.

என்ர வீட்டில ஏத்துற வேகம் 10 எம்பிபிஎஸ். அது 'பிட்' கணக்கு, எட்டால பிரிச்சால் செக்கனுக்கு 1.25 எம்பி. 26 ஜிபி ஏற ஆறு மணித்தியாலம் கிட்டப் பிடிக்கும், அதுவும் நெட்பிளிக்ஸ் ஓடாத வீட்டில. எனவே வெள்ளி இரவு ஒண்டு, சனி இரவு ஒண்டு.

இறக்கேக்க கவனிக்க வேண்டியது: ரெண்டையும் சேர்த்து ஸிப்பா இறக்காமல் ஒவ்வொரு கோப்பாத் தனித்தனிய இறக்குங்கோ. இடையில அறுந்தாலும் ஒண்டோட போகும். பென் டிரைவில போட்டு "கோப்பு பெரிசு" எண்டு சொன்னால் டிரைவ் பழுதில்லை. ஃபாட்32 முறையில ஃபோர்மட் பண்ணினதில 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபாட்டுக்கு மாத்தோணும், மாத்தினால் உள்ள இருக்கிறது எல்லாம் அழியும், முதல்ல எடுத்து வையுங்கோ. கடவுச்சொல் இந்தக் குழுவில வராது, தனியாக் கேளுங்கோ.

ஊரில இருக்கிறவைக்கும் கைப்பேசியில பாக்கிறவைக்கும் ஹாண்ட்பிரேக் எண்ட மென்பொருளால சுருக்கி, கசற் ஒண்டு 1 ஜிபிக்குள்ள வாற மாதிரிச் செய்யிறன். அது வட்ஸ்அப்பில ஆவணமா வரும். ஆக்கள் அசையேக்க சீப்புப் பல்லு மாதிரிக் கோடு தெரிஞ்சால் சொல்லுங்கோ, திருத்தலாம்.

இனி வச்சிருக்கிற கதை. பள்ளிக்கூடப் பழைய படங்களை முந்தி ஒருக்கா ஒரு இலவசத் தளத்தில ஏத்தி லிங்க் அனுப்பினது ஞாபகம் இருக்கும். ஒரு கிழமையில லிங்க் செத்துது. ஏத்தினவர் மடிக்கணினியில இடமில்லை எண்டு மூலத்தையும் அழிச்சிட்டார். தளம் ஒரு கிழமை எண்டு முதலே சொன்னதுதான், நாங்கள்தான் வாசிக்கேல்லை. அதால இந்த முறை மூண்டு நாட்டில மூண்டு பேரின்ர ஹார்ட் டிஸ்கில முழுப் பிரதி இருக்கோணும். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 எண்ட 64 எழுத்து அடையாளம் தருவன். இறக்கின கோப்பில வலது கிளிக் பண்ணி 7-ஸிப்பில பாத்தால் அதே எழுத்துக்கள் வரவேணும், ஒரு எழுத்து மாறினாலும் திரும்ப இறக்கோணும்.

டொரண்ட் (ஆளாளின்ர கணினியில இருந்து நேரடியாத் துண்டு துண்டா இறக்கிற முறை) போடுவம் எண்டு ஒஸ்லோத் தம்பி எழுதியிருந்தார். நல்ல வழிதான், எல்லையே இல்லை. ஆனால் டொரண்ட் எண்டால் திருட்டுப் படம் எண்டு நினைக்கிற மாமாமாருக்கு விளங்கப்படுத்திற தெம்பு எனக்கு இல்லை. பிரதி வச்சிருக்கிற மூண்டு பேருக்கு நடுவில மட்டும் சிங்திங் (கணினிக்குக் கணினி நேரடியாக் கோப்பைப் பிரதி பண்ணுற மென்பொருள்) ஓடவிடலாம், குறைஞ்சது ரெண்டு கணினி ஒரே நேரத்தில போட்டிருந்தால் போதும். இன்ரநெற் ஆர்க்கைவ் எண்ட பொது ஆவணத் தளத்தில போடச் சொன்ன அண்ணாவுக்கு: அங்க போட்டால் உலகமே பாக்கும். கிணத்தடியில நிண்டு கதைச்ச பொம்பிளையளிட்ட ஒருத்தரும் அனுமதி கேக்கேல்லை. தேர்ப் பகுதியை மட்டும் வெட்டி ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில சேமிக்கிற நூலகம் நிறுவனத்தின்ர ஆவணகத்துக்குக் குடுக்கிறதைச் செயற்குழு முடிவெடுக்கட்டும்.

ரொறன்ரோவில நான் ஒரு பிரதி வச்சிருப்பன், பாரிஸ் அக்கா ஒண்டுக்கு ஓம் எண்டிட்டா. மெல்பேர்ன் பக்கம் ஆராவது 60 ஜிபி இடத்தோட கை தூக்குங்கோ.

மூண்டாம் கசற் 41ஆவது நிமிசத்தில, வேலியோட சைக்கிளைச் சாத்திப்போட்டுச் சிரிக்கிறவர் ஆர் எண்டு மாமாவுக்கும் தெரியேல்லை. பாத்திட்டு எழுதுங்கோ.