பழைய கடைவரிசையா, புதிய உணவகமா: ஊருக்கு அதிக வரி தருவது எது?

கேள்வி:
அன்பர்களே, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துப் பிரெய்னர்ட் நகரைச் சேர்ந்த பொறியாளர் சார்லஸ் மரோன், ஊர்களின் வரவு செலவு குறித்து ஆற்றிவரும் உரைகளில், பாழடைந்ததாகக் கருதப்பட்ட பழைய கடைவரிசை புதிய துரித உணவகத்தைவிட அதிக வரி தருவதாகக் கூறுகிறார். இது எப்படிச் சாத்தியம்?

மறுமொழி 1:
நண்பரே, அவர் ஒப்பிட்ட இரு மனைகளும் ஒரே தெருவில், ஒரே பரப்பளவில் அமைந்தவை. முடிதிருத்தகம் போன்ற சிறு கடைகள் நெருங்கி நின்ற பழைய வரிசையின் வரிவிதிப்புக்கான மதிப்பு சுமார் 11 லட்சம் டாலர்; அதேபோன்ற இன்னொரு வரிசையை இடித்துவிட்டுக் கட்டிய உணவகத்தின் மதிப்போ சுமார் 8 லட்சம்தான். மனையின் பெரும்பகுதியைக் கார் நிறுத்துமிடம் விழுங்கிவிடுகிறது. ஆனால் அதன் முன்னுள்ள சாலையையும் குழாய்களையும் பராமரிக்கும் செலவு சிறிதும் குறைவதில்லை.

மறுமொழி 2:
இதைவிட எனக்குக் கவலை தருவது புறநகர் விரிவாக்கம். முதல் சாலையை மனை விற்பவரே போட்டுத் தருவதால் நகராட்சிக்கு அது இலவசமாகத் தோன்றுகிறது. ஒரு தலைமுறைக்குப் பின் புதுப்பிக்கும் சுமை முழுவதும் ஊர்மக்கள் தலையில் விழுகிறது.

மறுமொழி 3:
கார்களுக்கான இடத்தைக் குறைத்தால் கடைகள் பெருகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: கலிபோர்னியாவின் லங்காஸ்டர் நகரம் 2010இல் தன் முதன்மைத் தெருவின் வாகனத் தடங்களைக் குறைத்து, நடுவே மரங்களையும் நடைவெளியையும் அமைத்தது. அதன்பின் அங்கே புதிய கடைகள் பல திறக்கப்பட்டன.