வயக்காட்டை மேலே இருந்து எடுக்க ஆசை: முதல் ட்ரோன் எது, எப்படி ஆரம்பிப்பது?

கடனா ஆத்தங்கரை:

வணக்கம். சொந்த ஊர் ஆழ்வார்குறிச்சிப் பக்கம், வேலை திருநெல்வேலியில். சனி ஞாயிறு ஊருக்குப் போனால் வரப்பில் நின்று போனில் படம் எடுப்பதுதான் பொழுதுபோக்கு. ஆனால் மேற்கே மலை, நடுவில் ஆறு, இந்தப் பக்கம் நாற்று நட்ட வயல் மூன்றும் ஒரே படத்தில் வரவேண்டும் என்றால் வரப்பில் நின்று நடக்காது, பனை ஏறினாலும் நடக்காது. அதனால் ஒரு கேமரா ட்ரோன் வாங்கலாம் என்று ஆறு மாதமாக யூடியூப் பார்த்துப் பார்த்துக் குழம்பிப் போயிருக்கிறேன். சின்ன வயதில் விட்ட பட்டத்தைத் தவிர இதுவரை எதையும் பறக்கவிட்டதில்லை.

மைத்துனர் சிங்கப்பூரில் இருக்கிறார், ஜூன் கடைசியில் வருகிறார். டிஜேஐ என்கிற சீனக் கம்பெனியின் மினி ட்ரோன் ஒன்று வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரவா என்று கேட்கிறார். 250 கிராமுக்குக் கீழே இருந்தால் ஒரு விதியும் கிடையாது என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? பட்ஜெட் நாற்பதாயிரம் வரை. ஆடிச் சாரலில் மலை பச்சையாக இருக்கும்போது எடுத்துவிட வேண்டும் என்பது திட்டம். அப்புறம், கீழே விழுந்தால் என்ன ஆகும் என்றும் சொல்லுங்கள், வீட்டில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

பழைய ட்ரான்ஸ்மிட்டர்:

தம்பி, முதலில் மைத்துனருக்கு போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. ராணுவம், பாதுகாப்பு, ஆராய்ச்சிக்கு மட்டும் விலக்கு. உதிரி பாகம் வரலாம், ஆனால் முழு ட்ரோனைக் கழற்றிப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தாலும் அது தடைதான். சுங்கத்தில் நிரப்பிக் கொடுக்கிற படிவத்திலேயே ட்ரோன் என்று தனியாகக் கேட்டிருக்கிறது. என்னுடன் வேலை பார்த்தவர் துபாயில் இருந்து ஒன்று கொண்டுவந்து ஸ்கேனில் மாட்டினார். தங்கம் கொண்டுவந்தவனை விட என்னைத்தான் அதிக நேரம் நிற்கவைத்தார்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பினார். ட்ரோன் கைக்கு வரவே இல்லை.

250 கிராம் கதைக்கு வருவோம், ஏனென்றால் இதை எல்லாரும் பாதிதான் கேட்டிருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 25-இல் வந்த ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ், அதாவது ட்ரோன் ஓட்டுகிறவருக்கான சான்றிதழ், வேண்டாம். மைக்ரோவையும் காசு வாங்காமல் சொந்த ஆசைக்கு விட்டால் வேண்டாம். சலுகை சான்றிதழில்தான், வானம் எல்லாருக்கும் ஒரே வானம். மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் வரைபடம் இருக்கிறது, அதில் உங்கள் ஊரைத் தேடிப் பாருங்கள். பச்சையாக இருந்தால் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை போகலாம். விமான நிலைய எல்லையில் இருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையம் என்றால் 200 அடிதான். மஞ்சளுக்கு விமானக் கட்டுப்பாட்டு அனுமதி வேண்டும். சிவப்புக்கு மத்திய அரசு அனுமதி, நம்மைப் போன்றவர்களுக்கு அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

உங்கள் விஷயத்தில் வரைபடத்தை விடவும் மேற்கே இருக்கிற மலைதான் சிக்கல். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் அந்த எல்லைக்குள் நுழைக்காதீர்கள். மலை பின்னணியில் நிற்கட்டும், ட்ரோன் வயலுக்கு மேலேயே நிற்கட்டும். இன்னொன்று, படித்துறைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பெண்கள் குளிக்கிற நேரத்தில் மேலே கேமரா சுற்றினால் ஊரில் எந்த விதிப் புத்தகமும் உங்களைக் காப்பாற்றாது.

சுரண்டை காத்தாடி:

ஆடிச் சாரலில் எடுக்கணும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகுதான் லாகின் பண்ணினேன்.

நம்ம பக்கம் இவ்வளவு காற்றாலை எதற்கு நட்டு வைத்திருக்கிறான் அண்ணாச்சி? செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் எல்லாவற்றையும் கிழக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், 249 கிராம் எம்மாத்திரம்.

என் கதையைக் கேளுங்கள். என்னிடம் இருந்தது மினி 2, பழையது. கண்மாய்க் கரையில் நின்று பறக்கவிட்டேன், கீழே சட்டை கூட சரியாக ஆடவில்லை. 100 மீட்டர் உயரத்தில் கிழக்கே அனுப்பினேன். ஜிவ்வென்று போனது, ஒரு நிமிடத்தில் 600 மீட்டர், நமக்குக் கை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பேட்டரி 40 சதவீதம் வந்ததும் திருப்பினால் திரையில் படம் அப்படியே நிற்கிறது. அந்த மாடல் சாதாரண மோடில் நொடிக்கு 10 மீட்டர் போகும். மேலே காற்று நொடிக்கு 8 மீட்டர் அடித்தால் எதிர்த்து வரும்போது மிஞ்சுவது 2 மீட்டர். 600 மீட்டர் வர ஐந்து நிமிடம், அதுவும் மோட்டார் முழு மூச்சாக இழுத்துக்கொண்டு. நான் பதறிப்போய், கிளம்பிய இடத்துக்கே தானாகத் திரும்பிவரச் சொல்கிற ரிட்டர்ன் டு ஹோம் பட்டனை அழுத்தினேன், அது இன்னும் மேலே, அதாவது இன்னும் அதிகக் காற்றுக்குள்ளே ஏறியது. கடைசியில் பேட்டரி தீரப் போகிறது என்று தானாகவே இறங்க ஆரம்பித்துவிட்டது, எங்கே இறங்குகிறது என்று தெரியாமல் நான் வரப்பில் ஓடுகிறேன்.

இறங்கியது ஒரு பெரியவரின் உளுந்துக் காட்டில். வெடிகுண்டோ என்று தொடவே பயந்தாராம். அப்புறம் பேரன் சொல்லி எடுத்துவந்து பம்புசெட் ரூமில் ஆணியில் மாட்டி வைத்திருந்தார், மறுநாள் நான் போய்க் கேட்கும் வரை. இறக்கை எல்லாம் நன்றாக இருந்தது, கேமராவைத் தாங்குகிற கிம்பல் மட்டும் தொங்கிப்போயிருந்தது. கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் கேட்டார்களே, இதுதான் ஆகும். முதலில் போவது கிம்பல்.

அன்று இரண்டே காரியம் செய்திருந்தால் தப்பித்திருக்கும். ஒன்று, முதலில் காற்றை எதிர்த்து மேற்கே போயிருக்கணும், வரும்போது காற்றே தள்ளிவிடும். இரண்டு, இழுக்கிறது என்று தெரிந்ததும் 20, 25 மீட்டருக்கு இறக்கி ஸ்போர்ட் மோடில் போட்டிருக்கணும். கீழே காற்று குறைவு, ஸ்போர்ட்டில் அது நொடிக்கு 16 மீட்டர் வரை போகும். சட்டையைப் பார்க்காதீர்கள், தென்னை உச்சியைப் பாருங்கள். மட்டை ஒரே பக்கமாக வளைந்து நின்றால் அன்றைக்குப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

பச்சை வேண்டும் என்றால் மார்கழி, தை காலையில் எடுங்கள். பிசானப் பருவ நெற்பயிர் நிற்கும், காற்று தூங்கிக்கொண்டிருக்கும், ஆற்றில் பனி வேறு இருக்கும். ஆடி மலையை வரப்பில் நின்று போனிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடனா ஆத்தங்கரை:

நல்லவேளை கேட்டேன். மைத்துனரிடம் கோடாலித் தைலம் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். சரி, ஆடி போகட்டும், தை வரைக்கும் நேரம் இருக்கிறது. ஆன்லைனில் 3,500 ரூபாய்க்கு 4கே கேமரா, இரண்டு பேட்டரி என்று போட்டிருக்கிறானே, அது பழகுவதற்கு ஆகுமா, இல்லை சுத்த ஏமாற்றா?

கல்யாண கேமரா:

4கே என்பது அட்டைப்பெட்டியில் மட்டும் இருக்கும். அந்த விலையில் வருவதில் ஜிபிஎஸ் கிடையாது, கிம்பல் கிடையாது, சின்ன மோட்டார், ஏழு எட்டு நிமிடம் பறந்தால் பெரிது. வெளியே விட்டால் கொசு மாதிரி காற்றோடு போய்விடும். ஆனால் நான் அதை வாங்காதே என்று சொல்ல மாட்டேன். விரல் பழக அதைவிட மலிவான வாத்தியார் கிடையாது. ஜிபிஎஸ் ட்ரோன் கையை எடுத்ததும் அப்படியே நின்றுவிடும், அதனால் நமக்கு ஓட்டத் தெரியும் என்று நாமே நம்பிவிடுவோம். பொம்மை ட்ரோன் நிற்காது, நீங்கள்தான் நிறுத்தணும். ஹாலில் ஃபேனை அணைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். சுவரில் முட்டும், சோபாவுக்கு அடியில் போகும், போகட்டும்.

படம் எடுக்க இரண்டு வழி. இந்தியாவிலேயே செய்கிற நானோ ட்ரோன்கள் இப்போது வருகின்றன, கிம்பல் இருக்கிறதா, சர்வீஸ் எங்கே என்று கேட்டு வாங்கலாம். இல்லை என்றால் தடைக்கு முன்னால் இங்கே பில்லோடு விற்ற பழைய மினியைத் தெரிந்தவரிடம் வாங்கலாம். செகண்ட் ஹேண்ட் என்றால் நேரில் போய், பறக்கவிட்டுப் பார்த்து, ஆப்பில் பேட்டரி எத்தனை முறை சார்ஜ் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். விற்கிறவர் ஆப்பில் தன் கணக்கில் இருந்து ட்ரோனை நீக்குவதை உங்கள் கண் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள். நான் இதில் ஏமாந்தவன், எனக்கு விற்றவர் நீக்கவும் இல்லை, போனையும் எடுக்கவில்லை, இரண்டு மாதம் அலைந்தேன். பேட்டரி லேசாக உப்பியிருந்தால் பேரமே பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

பழகும் விதம் என்று கேட்டால், முதல் நாள் வீடியோ பட்டனையே தொடாதீர்கள். அறுவடை முடிந்த வயலில், மின்கம்பி இல்லாத இடமாகப் பார்த்து, ஒரு பழைய பேனரை விரித்து அதிலிருந்து ஏற்றுங்கள், தூசி மோட்டாருக்குள் போகாது. ஆன் பண்ணுவதற்கு முன் கிம்பல் மூடியைக் கழற்றியாச்சா என்று பாருங்கள், நான் இருபது தடவையாவது மறந்திருக்கிறேன். ஹோம் பாயிண்ட், அதாவது கிளம்புகிற இடம், பதிவாகிவிட்டது என்று ஆப் சொல்லும் வரை தரையிலேயே இருக்கட்டும். திரும்பி வருகிற உயரத்தை உங்கள் தோப்பில் உயரமான தென்னைக்கு மேலே வையுங்கள், 40 மீட்டர் போதும்.

அப்புறம் ட்ரோனின் முதுகு உங்களைப் பார்க்க, தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தி முன்னே பின்னே, இடம் வலம். இது சுலபம். ட்ரோன் முகம் உங்களைப் பார்த்துத் திரும்பியதும் இடம் வலம் தலைகீழாகிவிடும், அங்கேதான் எல்லாரும் மரத்தில் விடுகிறார்கள். அது பழகியதும் எட்டுப் போடுங்கள், டூவீலர் லைசென்ஸுக்குப் போட்டோமே அதே எட்டு. கால் ஊன்றாமல் எட்டு வந்துவிட்டால் படம் எடுக்க ஆரம்பிக்கலாம்.

படத்துக்கு ஒரே ஒரு யோசனை. புதுசாக வாங்கியவர்கள் எல்லாரும் 120 மீட்டர் ஏறி கூகுள் மேப் மாதிரி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். வயலுக்கு 15, 20 மீட்டரே அழகு. வெயில் சாய்வாக இருக்கும்போது ஒவ்வொரு நாற்று வரிசைக்கும் நிழல் விழும், கொக்கு பறந்தால் கொக்குக்கும் நிழல் விழும். மெதுவாகப் போகிற சினி மோடில் போட்டு, ஒரு நேரத்தில் ஒரே அசைவு, பத்து நொடி, அவ்வளவுதான். மின்கம்பி மட்டும் திரையில் தெரியவே தெரியாது, கம்பத்தைப் பார்த்துக் கம்பி எங்கே போகிறது என்று ஊகித்துக்கொள்ளணும்.

பழைய ட்ரான்ஸ்மிட்டர்:

பொம்மை ட்ரோன் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் காசை நல்ல ட்ரோனின் கூடுதல் பேட்டரிக்கும் இறக்கைக்கும் வைத்துக்கொள்ளலாம். எட்டை வயலிலேயே பழகிக்கொள்ளலாம், மெதுவாக. மற்றதெல்லாம் சரி.

விட்டுப்போன இரண்டு. ரிமோட்டில் ஆன்டெனா இருந்தால் அதன் நுனியை ட்ரோனை நோக்கிக் குத்துகிற மாதிரி நீட்டாதீர்கள், நுனியில்தான் சிக்னல் மிகக் குறைவு, தட்டையான பக்கம் ட்ரோனைப் பார்க்கணும். பேட்டரியை முழுக்க சார்ஜ் பண்ணி வாரக்கணக்கில் பீரோவில் வைக்காதீர்கள், பாதியில் வையுங்கள். வெயிலில் நிற்கிற கார் டேஷ்போர்டில் வைக்கவே கூடாது.

பருந்து வட்டமடித்தால் உடனே மேலே ஏற்றுங்கள். செங்குத்தாக ஏறுவதில் ட்ரோன் ஜெயிக்கும், பக்கவாட்டில் ஓடினால் பருந்துதான் ஜெயிக்கும். கல்யாண கேமரா அண்ணே, நீங்கள் மண்டபத்தில் விடுகிறது நானோ இல்லையே, காசுக்கு மைக்ரோ ஓட்டினால் சான்றிதழ் வேண்டும் தெரியும்தானே?

கல்யாண கேமரா:

வாங்கியாச்சு அண்ணே, சுவரில் மாட்டியிருக்கேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் தேடி எடுத்ததுதான் அந்தப் படிப்பிலேயே கஷ்டம்.

கடனா ஆத்தங்கரை:

ஏழு மாதம் கழித்து வருகிறேன், திட்டாதீர்கள். தெரிந்தவர் ஒருவரிடம் பில்லோடு பழைய மினி 2 கிடைத்தது, கணக்கில் இருந்து நீக்கச் சொல்லி டீ குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். வரைபடத்தில் எங்கள் வயல் பச்சை. நாலு சனிக்கிழமை வீடியோ இல்லாமல் ஓட்டினேன். ஊர்ப் பையன்கள் இரண்டாவது வாரமே போரடித்துப் போய்விட்டார்கள்.

போன ஞாயிறு காலை ஆறே முக்காலுக்குத்தான் முதல் படம். 18 மீட்டர் உயரம், ஆற்றை ஒட்டி மெதுவாக. ஆற்றின் மேல் பனி ஒரு துண்டு மாதிரி கிடந்தது, மலை பின்னால் நின்றது. வீட்டில் டிவியில் போட்டுக் காட்டினேன். அம்மா மலையையும் பார்க்கவில்லை, ஆற்றையும் பார்க்கவில்லை. நம்ம வாய்க்கால் மடை திறந்து கிடக்கு, யார் திறந்தது என்று கேட்டார். போய்ப் பார்த்தால் நிஜமாகவே திறந்துதான் கிடந்தது.

ஒரு சந்தேகம். இறக்கும்போது வரப்புப் புல்லில் உரசி ஒரு இறக்கை நுனியில் நகக்கண் அளவு வெட்டு விழுந்திருக்கிறது. பறக்கிறது, ஆனால் சத்தம் கொஞ்சம் மாறியிருக்கிறது. அப்படியே ஓட்டலாமா?

சுரண்டை காத்தாடி:

ஓட்டாதீர்கள். அந்த மோட்டாரில் இருக்கிற இரண்டு இறக்கையையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் எடை சமமாக இருக்காது. புது இறக்கையோடு புதுத் திருகும் வரும், அதையே போடுங்கள். மாற்றுவதற்கு முன் எந்த இறக்கை ட்ரோனின் எந்தக் கையில் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி, மாறிப் போச்சு என்றால் ஏறுவதற்கு முன்னாலேயே குப்புற விழும்.