முன்னாள் சோவியத் நாடுகளில் கணக்குச் சீர்திருத்தம்: ஏட்டுச் சுரைக்காயா?

ஐந்தொகை:
2025 ஜூலையில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் கடையைக் கட்டியது. அது என்னென்ன விட்டுச்சென்றது என்ற பேச்சில் எல்லோரும் தடுப்பூசி, உணவு என்கிறார்கள். எனக்குக் கணக்குதான் நினைவுக்கு வந்தது. 1990களிலிருந்து கஜகஸ்தான், கிர்கிஸ்தான், உக்ரைன், மால்டோவா என்று பல நாடுகளில் கணக்கர் சங்கங்களையும் வணிகர் சங்கங்களையும் வளர்க்க அவர்கள் பணம் கொடுத்தார்கள். சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகளை (இனி ‘தரநிலை’) ரஷ்ய மொழியிலேயே கற்பித்து, சிஐபிஏ என்ற கணக்கர் தேர்வையும் வைத்தார்கள். வெளியார் பணத்தில் முளைத்த சங்கம் நிற்குமா? முப்பது ஆண்டுகள் தணிக்கைத் தொழிலில் இருந்தவனுக்கு ஐயம் இருக்கிறது. அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

அல்மாத்திக்காரன்:
2003 முதல் 2009 வரை கஜகஸ்தானின் அல்மாத்தியில் ஒரு வணிக நிறுவனத்தில் இருந்தேன். பெயர் வேண்டாம். எங்கள் தலைமைக் கணக்கர் ஓர் அம்மையார், ஐம்பது வயதைத் தாண்டியவர். கணினிக்குப் பக்கத்தில் மணிச்சட்டம் வைத்திருப்பார். 1சி என்ற ரஷ்யக் கணக்கு மென்பொருள் கூட்டிய தொகையை அதில் ஒரு முறை தட்டிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. வாடிக்கையாளர் பணம் கட்டினால் ‘பற்று ஐம்பத்தொன்று, வரவு அறுபத்திரண்டு’ என்று முணுமுணுப்பார். 51 என்றால் வங்கிக் கணக்கு, 62 என்றால் சரக்கு வாங்கியவர்கள். சோவியத் காலத்து எண்கள். 1990களின் பிற்பகுதியில் கஜகஸ்தான் புதிய கணக்கு எண் பட்டியல் போட்டபோது 51 என்பது 441 ஆனது. 2007இல் வந்த பட்டியலில் அதுவே 1030. ‘மூன்று பெயர் வைத்தாயிற்று, பணம் அதே வங்கியில்தான் கிடக்கிறது’ என்பார்.

அவரிடம் மூன்று ஏடுகள் இருந்தன. வரித்துறைக்கு ஒன்று, கடன் கொடுத்த வங்கிக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று. நாம் இரண்டாம் நம்பர் கணக்கு என்கிறோமே, அதை அங்கே கறுப்புக் கணக்கு என்பார்கள். தரநிலை வந்ததும் நான்காவது ஏடு சேர்ந்தது. சீர்திருத்தம் என்று நான் கண்டது இவ்வளவுதான். ஏட்டுச் சுரைக்காய்.

செங்காந்தள்:
ஏட்டுச் சுரைக்காய் என்று கணக்கரைப் பார்த்தா சொல்கிறீர்கள்? அவர் தொழிலே ஏடுதானே!

நான் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் இரண்டு ஆண்டுகள் மாலை வகுப்பு எடுத்தவள். வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பதினைந்து இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள். ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்றிலும் வரவிலும் எழுதும் இரட்டைப் பதிவை அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, சோவியத் ஒன்றியமும் இரட்டைப் பதிவில்தான் எழுதியது. ஆனால் அந்தக் கணக்கைப் படித்தவர் யார்? அமைச்சகமும் அரசு வங்கியும். திட்ட இலக்கு நிறைவேறியதா என்பதுதான் கேள்வி. வாராக்கடனுக்கு அதில் இடமே இல்லை. ஓர் அரசு ஆலை இன்னோர் அரசு ஆலைக்குத் தர வேண்டிய பணம் எப்படி வாராமல் போகும்?

ஒரு நாள் வாராக்கடன் ஒதுக்கீடு நடத்தினேன். வராது என்று தோன்றும் கடனுக்கு ஒரு தொகையை மதிப்பிட்டு இலாபத்தில் கழிக்க வேண்டும். முன்வரிசையில் இருந்த அம்மா எழுந்து, ‘இதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?’ என்று கேட்டார். ‘யாரிடமும் வேண்டாம், நீங்களே தீர்மானிக்கலாம்’ என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. தேய்மான விகிதம் முதற்கொண்டு எல்லாம் மேலிருந்து வந்து பழகியவர்கள். மதிப்பிடும் பொறுப்பு தன்னுடையது என்று ஒரு கணக்கருக்குத் தெரிவதுதான் சீர்திருத்தம். நீங்கள் எண் மாறியதை மட்டும் பார்த்திருக்கிறீர்கள்.

வரிப்பக்கம்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அம்மையாரின் நான்கு ஏடுகளில் அபராதம் போடக்கூடிய வாசகர் ஒருவர்தான், வரி அதிகாரி. ரஷ்யாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் தரநிலைக்கு ஏற்பக் கணக்கைச் சீர்திருத்தும் திட்டத்தை அரசு அறிவித்தது. 2002 ஜனவரி 1 முதல் வரிச் சட்டத்தின் 25ஆம் அத்தியாயம் வரிக் கணக்கைத் தனியாகப் பிரித்தது. இனி நிதிக் கணக்கு (முதலாளிக்கும் வங்கிக்கும் காட்டும் கணக்கு) சுதந்திரமாக இருக்கலாம் என்றார்கள். கணக்கர்கள் என்ன செய்தார்கள்? இரட்டை வேலை எதற்கு என்று, முடிந்த இடத்தில் எல்லாம் நிதிக் கணக்கையும் வரி விதிப்படியே எழுதினார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அல்மாத்திக்காரன்:
பார்த்தீர்களா? இன்னொன்றும் சொல்கிறேன். கஜகஸ்தானில் தரநிலைக்கு முதலில் மாறியவை வங்கிகள். அங்கே பெரிய வங்கிகளில் ஒன்றான பிடிஏ வங்கியும் தரநிலைப்படி எழுதி, தணிக்கை முடித்து, வெளிநாட்டில் கோடிக்கணக்கில் கடன் வாங்கிய வங்கிதான். 2009 பிப்ரவரியில் அரசு அதைக் கையிலெடுத்தது. ஏப்ரலில் வங்கி கடனின் அசலைத் திருப்பித் தருவதையே நிறுத்தியது. எந்தத் தரநிலை காப்பாற்றியது?

ஐந்தொகை:
அதே 2009 ஜனவரியில்தான் ஐதராபாத்தில் சத்யம் நிறுவனத் தலைவர் இல்லாத ரொக்கத்தை இருப்பதாகக் காட்டியதாக எழுதிக் கொடுத்தார். அங்கேயும் தணிக்கை இருந்தது. இந்த வாதம் எல்லா நாட்டுக்கும் பொருந்தும் என்பதால் அல்மாத்திக்காரருக்குப் பெரிதாக உதவாது. சங்கங்கள் பற்றி யாரும் பேசவில்லையே?

செங்காந்தள்:
வருகிறேன். அதற்கு முன், தரநிலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1992 போதும். ரஷ்யாவில் அந்த ஓர் ஆண்டில் விலைகள் ஏறத்தாழ 26 மடங்கு ஏறின. ஏட்டில் இயந்திரம் பழைய ரூபிள் விலையில் நிற்கிறது. அரசு ஒரு பெருக்கல் எண்ணை அறிவிக்கும், எல்லோரும் அதால் பெருக்கிச் சொத்து மதிப்பை உயர்த்த வேண்டும். 1992, 1994, 1995, 1996 என்று இப்படி நடந்தது. உண்மை மதிப்பைவிடக் குறைவாக நின்ற அந்த ஐந்தொகையை (சொத்து, கடன் அறிக்கையை) வைத்துக்கொண்டுதான் ஆலைகளைத் தனியாருக்கு விற்றார்கள். வாங்கியவர்களுக்குக் கொள்ளை இலாபம்.

சங்கத்துக்கு வருவோம். கணக்கர் சங்கத்துக்கு விற்க ஒரு பொருள் இருக்கிறது: தேர்வு, சான்றிதழ், பயிற்சி. ரஷ்ய மொழியில் எழுதலாம் என்பதால் சிஐபிஏ பரவியது. ஆங்கிலத்தில் ஏசிசிஏ என்ற பிரிட்டிஷ் கணக்கர் தேர்வை எழுது என்றிருந்தால் என் மாணவிகளில் முக்கால்வாசிப் பேர் வந்திருக்கவே மாட்டார்கள். வணிகர் சங்கத்துக்கு அப்படி விற்க ஒன்றும் இல்லை. அதனால் நன்கொடை நின்றதும் பல சங்கங்கள் வாடின. அதை ஒப்புக்கொள்கிறேன்.

அல்மாத்திக்காரன்:
ஒப்புக்கொண்டதற்கு நன்றி அம்மா. மழைக்கு முளைத்த காளான்கள் அவை. வெளியார் பணம் இல்லாமல் நின்ற சங்கமும் உண்டு. ரஷ்யத் தொழிலதிபர்கள் ஒன்றியத்தின் வேர் 1990இல் தொடங்கிய சோவியத் அறிவியல் தொழில் ஒன்றியம். அதை நடத்திய அர்க்காதி வோல்ஸ்கி கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுவில் இருந்தவர். ஆலை இயக்குநர்கள் சேர்ந்து அமைத்தது, அதனால் கிரெம்ளின் கதவு திறந்தது. சந்தையில் கடை வைத்திருப்பவருக்கு அதில் இடம் ஏது?

கஜகஸ்தான் இன்னும் சுலபமான வழி கண்டது. 2013இல் சட்டம் போட்டு ‘அதாமெகென்’ என்ற தேசியத் தொழில்முனைவோர் கழகத்தை அமைத்து, தொழில் செய்கிறவர் எல்லோரும் கட்டாய உறுப்பினர் என்றது. பணக் கவலை தீர்ந்தது. ஆனால் விலக முடியாத சங்கத்துக்கும் ஓர் அரசுத் துறைக்கும் என்ன வேறுபாடு?

வரிப்பக்கம்:
அரசுத் துறைக்கு ஓய்வூதியம் உண்டு.

கேலி போகட்டும், ஜார்ஜியாவைப் பாருங்கள். 1999இல் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் தரநிலைப்படி எழுத வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஐந்து பேர் வேலை செய்யும் ரொட்டிக்கடைக்கும் அதே தரநிலை! யார் எழுதுவார்கள்? 2016இல் புதிய சட்டம் வந்தது. நிறுவனங்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். சொத்து 10 இலட்சம் லாரி (ஜார்ஜிய நாணயம்), வருவாய் 20 இலட்சம் லாரி, பணியாளர் 10 பேர் ஆகிய மூன்றில் இரண்டைத் தாண்டாவிட்டால் கடைசி வகை, எளிய விதிகள் போதும். அதோடு அறிக்கைகளை யாரும் பார்க்கும்படி அரசின் இணையதளத்தில் போட வேண்டும். போட்டி நிறுவனத்தின் இலாபத்தைப் பக்கத்துக் கடைக்காரர் பார்க்கலாம். வரி அதிகாரியைத் தவிர இன்னொரு வாசகர் கிடைத்தார். 1999இல் அவர்கள் மறந்தது இதைத்தான்.

செங்காந்தள்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், நீங்கள் அழகாகச் சொல்லிவிட்டீர்கள். ஒரு திருத்தம் மட்டும்: அங்கேயும் 1990களிலேயே தொடங்கிய கணக்கர் கூட்டமைப்பு இருந்தது. தரநிலையை ஜார்ஜிய மொழிக்குக் கொண்டுவந்து, ஆட்களைப் பயிற்றுவித்தது அதுதான். அது இல்லாவிட்டால் 2016 சட்டத்தைச் செயல்படுத்த ஆள் எங்கே?

அல்மாத்திக்காரன்:
சரி, ஜார்ஜியாவை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் சீர்திருத்தம் பிடுங்கிக்கொண்ட ஒன்று உண்டு. ரஷ்யாவின் 1996 கணக்குச் சட்டப்படி தலைமைக் கணக்கரின் கையெழுத்து இல்லாத பண ஆவணம் செல்லாது என்றிருந்தது. கணக்கர் மறுத்தால், இயக்குநர் எழுத்தில் உத்தரவு கொடுத்து முழுப் பொறுப்பையும் தானே ஏற்க வேண்டியிருந்தது. 2013இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அந்த வரியே இல்லை. ‘மதிப்பிடும் பொறுப்பு உன்னுடையது’ என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள், ‘மாட்டேன்’ என்று சொல்லும் அதிகாரத்தை அங்கே எடுத்துவிட்டார்கள்.

செங்காந்தள்:
இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. உங்கள் அம்மையாரிடமே கேளுங்களேன்.

அல்மாத்திக்காரன்:
கேட்டேன். ஓய்வு பெற்றுவிட்டார், மகள் இப்போது தலைமைக் கணக்கர். அவளிடம் தொழில்முறைக் கணக்கர் சான்றிதழ் இருக்கிறதாம். சங்கத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறாளாம். ‘சங்கம் பிடித்திருக்கிறதா?’ என்றேன். ‘உறுப்பினராக இல்லாவிட்டால் சான்றிதழ் எதற்கு ஆகும்?’ என்று பதில் வந்தது. மகள் இயக்குநரிடம் மாட்டேன் என்று எப்போதாவது சொன்னாளா என்றும் கேட்டேன். இரண்டு முறையாம். ஒரு முறை வேலை போயிற்றாம்.

கடைசியில் அவரே ஒன்று கேட்டார்: ‘1030ஐ மறுபடி மாற்றிவிட்டார்களா?’

ஐந்தொகை:
இல்லை என்று சொல்லுங்கள். அதாமெகென் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.