மின்சாரம் கண நேரம் போய் வந்தாலே டிரைவ் டிரிப், அவுட்புட் காண்டாக்டர்தான் காரணமா?

ஷிஃப்ட்_எலக்ட்ரீஷியன்:
ஒரு பெரிய ப்ளோயர் மோட்டார் விஎஃப்டியில் (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஓடுகிறது. டிரைவுக்கு முன்னால் ஒரு காண்டாக்டர் (காயிலுக்கு வோல்டேஜ் வந்தால் ஒட்டும் மின்காந்த சுவிட்ச்), பின்னால் மோட்டார் பக்கம் இன்னொன்று. விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும் அளவுக்கு வோல்டேஜ் இறங்கினாலே ஓவர் கரண்ட் என்று டிரிப் ஆகிறது. டிரைவ் மட்டும் அணைவதே இல்லை, டிஸ்ப்ளே எரிந்துகொண்டே இருக்கிறது. டிரைவை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பேனல்_வயரிங்:
வேண்டாம் சார். ஏசி காயில் காண்டாக்டர் வோல்டேஜ் பாதிக்குக் கீழே போனால் ஓரிரு சைக்கிளிலேயே விட்டுவிடும். டிரைவின் டிசி பஸ்ஸில் (ஏசியை டிசியாக்கி வைக்கும் உள்பகுதி) கெப்பாசிட்டர் இருப்பதால் அது தாக்குப்பிடிக்கும். ஆக, மோட்டார் கழன்றது தெரியாமல் டிரைவ் 40 ஹெர்ட்ஸ் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. காயிலுக்கு வோல்டேஜ் திரும்பியதும் காண்டாக்டர் மறுபடி ஒட்டுகிறது, வேகம் குறைந்துபோன மோட்டார் மேல் முழு வோல்டேஜும் ஒரே அடியாக விழுகிறது, நேரடி ஸ்டார்ட் போலத்தான். டிரிப் ஆவது டிரைவ் தன்னைக் காப்பாற்றிக்கொள்வது. இல்லாவிட்டால் ஐஜிபிடி (டிரைவின் பவர் டிரான்சிஸ்டர்) போய்விடும்.

அவுட்புட் காண்டாக்டரின் என்ஓ ஆக்சிலரியை (காண்டாக்டர் ஒட்டும்போது மூடும் துணைக் காண்டாக்ட்) டிரைவின் எனேபிள் டெர்மினலில் (இது போனால் டிரைவின் அவுட்புட் உடனே நிற்கும்) போடுங்கள். ரன் டெர்மினலில் மட்டும் போட்டால் போதாது, ராம்ப் ஸ்டாப் (வேகத்தை மெல்லக் குறைத்து நிறுத்துவது) வைத்திருந்தால் ரன் போன பிறகும் இறங்கி முடிக்கும்வரை டிரைவ் வோல்டேஜ் கொடுத்துக்கொண்டே இருக்கும். நிறுத்தும்போது முதலில் எனேபிள் போக வேண்டும், அப்புறம்தான் காண்டாக்டர் திறக்க வேண்டும். ஓட்டும்போது காண்டாக்டர் ஒட்டி அதிர்வு அடங்கியதும் ரன். பைபாஸ் (டிரைவ் இல்லாமல் மோட்டாரை நேரே மெயின்ஸில் ஓட்டும் வழி) இல்லை, ஒரே டிரைவில் இரண்டு மோட்டார் இல்லை என்றால் அந்தக் காண்டாக்டர் எதற்கு என்றே ஒருமுறை யோசியுங்கள்.

ஷிஃப்ட்_எலக்ட்ரீஷியன்:
பைபாஸ் இருக்கிறது, அதனால் எடுக்க முடியாது. காயிலுக்கு ஆஃப் டிலே டைமர் (சிறிது நேரம் கழித்தே விட வைப்பது) போட்டுத் தாங்க வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார், சரியா?

டிரைவ்_கமிஷனிங்:
போடலாம். ஆனால் எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனுக்கு அந்த டிலே எந்த வழியிலும் குறுக்கே வரக்கூடாது. இதில் யாரும் விட்டுக்கொடுக்காதீர்கள். பட்டனை அழுத்தினால் எஸ்டிஓ (மோட்டாரின் சுழற்று விசையான டார்க்கை நிறுத்தும் டிரைவின் பாதுகாப்பு வசதி) உடனே செயல்பட வேண்டும். எஸ்டிஓ டார்க்கை நிறுத்தும், டெர்மினலில் இருக்கும் வோல்டேஜை நிறுத்தாது. மோட்டாரில் கை வைப்பதற்கு முன் ஐசொலேட்டரைத் திறந்து பூட்டு போடுங்கள், டிரைவ் மேல் எழுதியிருக்கும் நேரம் காத்திருந்து டிசி பஸ்ஸை மீட்டரில் பாருங்கள். பைபாஸ் காண்டாக்டரும் அவுட்புட் காண்டாக்டரும் சேர்ந்து ஒட்டவே முடியாதபடி மெக்கானிக்கல் இன்டர்லாக்கும் வேண்டும், மெயின்ஸ் டிரைவின் அவுட்புட்டுக்குள் வந்தால் அதோடு முடிந்தது.

இன்னொன்று, ரன் எதிலிருந்து வருகிறது? செலக்டர் சுவிட்ச் என்றால் மின்சாரம் திரும்பியதும் ப்ளோயர் தானாகக் கிளம்பிவிடலாம். பக்கத்தில் ஆள் நின்றால்? ஐஇசி 60204-1 (இயந்திரங்களின் மின் பாதுகாப்புத் தரநிலை) இப்படி எதிர்பாராமல் கிளம்புவதைத் தடுக்கத்தான் சொல்கிறது. புஷ் பட்டன் வைத்த மூன்று வயர் கண்ட்ரோலுக்கு (மின்சாரம் போய் வந்தால் மறுபடி ஸ்டார்ட் அழுத்தினால்தான் ஓடும்) மாற்றுங்கள். ப்ளோயர் நெடுநேரம் சுற்றும் என்பதால் ஃப்ளையிங் ஸ்டார்ட்டை ஆன் செய்யுங்கள், சுற்றும் வேகத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்தே எடுக்கும்.

பேனல்_வயரிங்:
முன்னால் இருக்கும் காண்டாக்டரை வைத்து ஓட்டி நிறுத்துகிறீர்களா? அதையும் விட்டுவிடுங்கள் சார். ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் (கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும்போது கரண்டைக் கட்டுப்படுத்துவது) சூடாகும், அடிக்கடி போட்டால் அதுதான் முதலில் போகும்.

ஷிஃப்ட்_எலக்ட்ரீஷியன்:
செலக்டர் சுவிட்ச்தான் இருக்கிறது. ஷட்டவுனில் முதலில் அதை மாற்றுகிறேன், எனேபிள் வயரும் அதே நாளில்.