தகர ஷெட்டை அறையாக்குகிறேன், சுவருக்குள் என்ன வைப்பது?

சும்மா கிடந்த தகர ஷெட்டை உட்கார்ந்து வேலை பார்க்கிற அறையாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். உள்ளே 75 மி.மீ. ஆழத்துக்கு மரச்சட்டம் அடித்தாகிவிட்டது. வெப்பம் தடுக்கும் கண்ணாடி இழைக் கம்பளியான கிளாஸ் ஊலைத் தகரத்தோடு ஒட்டித் திணித்து, மேலே ஜிப்சம் போர்டு அடித்துவிடலாமா? காலையில் தகரத்தின் உள்பக்கம் விரலால் கோடு போடுகிற அளவுக்கு வேர்த்திருக்கிறது, அதுதான் யோசனை.

பதில்: திணிக்காதீர்கள். அது ஒழுகல் இல்லை, அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த தகரத்தில் படிவது. நான் அப்படித் திணித்து, இரண்டாவது மழைக்காலத்தில் பிரித்துப் பார்த்தால் கம்பளி ஈரத்துணி மாதிரி தொங்குகிறது, அடிச்சட்டத்தில் பேனாக்கத்தி அப்படியே இறங்குகிறது. தகரத்துக்கும் கம்பளிக்கும் நடுவே 25 மி.மீ. விட்டு, மேலும் கீழும் காற்று போக வழி வையுங்கள். மீதி 50 மி.மீ. போதும்.

பதில்: அதோடு, ஈரம் தடுக்கும் பாலித்தீன் ஷீட் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். குளிருக்கு ஹீட்டர் போடுகிற அறை என்றால் ஜிப்சத்துக்குப் பின்னால், புழுக்கத்தில் ஏசி ஓடுகிற அறை என்றால் கம்பளிக்கு வெளிப்பக்கம். இரண்டு பக்கமும் போட்டால் ஈரம் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

கேட்டவர்: சரி, தெர்மோகோல் மலிவாகக் கிடைக்கிறதே, அது ஆகாதா?

பதில்: ஆகும், ஆனால் தீப்பிடித்தால் உருகி எரியும், ஜிப்சம் போடாமல் விடக் கூடாது. பிவிசி ஒயர் அதில் உரசினாலும் நாளடைவில் உறை விறைத்துப்போகும், குழாய்க்குள் விட்டு இழுங்கள். அப்புறம், சுவரையே பேசுகிறீர்களே, கூரைக்கு என்ன செய்தீர்கள்? வெயில் முதலில் இறங்குவது அங்கேதான்.